எண்ணெயில் பார்த்த முகம்

ஐயா இன்னும் பிறக்கவே இல்லை. தாத்தா காலத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார். மைக்கை வாங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கலாமென்றால் சுவர்க் கடிகாரம் அவர் தலைக்கு நேர் பின்னால் மாட்டியிருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தால் அவரைப் பார்த்த மாதிரி ஆகிவிடும், அவரைப் பார்த்தால் தலையாட்ட வேண்டும், தலையாட்டினால் ரசிக்கிறேன் என்று நினைத்து இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போய்விடுவார். இது என்னுடைய வாய்மொழித் தேர்வு. முனைவர் பட்டத்துக்காக நான் எழுதிய ஆய்வேட்டைப் பற்றிச் சபை கூடி என்னைக் கேள்வி கேட்கிற நாள். நெறியாளர் எழுந்து மாணவியையும் வெளியூரிலிருந்து வந்திருக்கும் புறத்தேர்வாளரையும் நாலு வார்த்தையில் அறிமுகப்படுத்திவிட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் வழக்கம். என் நெறியாளர் முனைவர் செங்கோட்டுவேலன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கிறார். யாரிடம்? அவர் இத்தனை வருடமாகத் தலைவராக உட்கார்ந்திருக்கும் இதே துறையில், அவருக்குத் தினமும் வணக்கம் வைக்கும் இதே ஆட்களிடம். "என் பாட்டனாருக்கு ஆண் வாரிசு இல்லை. என் தாயார் ஒரே மகள். கூடப் பிறந்தவர் என்று ஒருவரும் கிடையாது. அத்தனை தோட்டமும் அந்த ஒரே மகள் வழியாக அடியேனுக்கு வந்தது. வந்த தோட்டத்தில் நான் தென்னை வைக்கவில்லை, தமிழை வைத்தேன்" என்கிறார். முன்வரிசை கைதட்டுகிறது. பொங்கல் விழாவிலும் கேட்டாயிற்று, பணி ஓய்வு விழாக்களில் கேட்டாயிற்று, ஒருமுறை ஓர் இரங்கல் கூட்டத்தில்கூட அந்தத் தென்னை வந்து போனது. காலையில் புறத்தேர்வாளருக்கு இட்லி வைத்தபோதும் வந்தது, நான் பக்கத்தில் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போதும் அவர் அதே இடத்தில் நிறுத்தி, கைதட்டலுக்கு இடம் விட்டார்.

ரவிக்கை கையிடுக்கில் பிடிக்கிறது. தைத்து வாங்கும்போது சரியாக இருந்தது, ஆய்வேட்டைச் சமர்ப்பித்து இந்தத் தேதி கிடைப்பதற்குள் உடம்பு ஒரு சுற்று பெருத்துவிட்டது, அதற்கும் யாரைத் திட்டுவது. பையில் செல்போன் துடிக்கிறது, சமையல்காரராகத்தான் இருக்கும், பிரியாணியை எப்போது இறக்குவது என்பார். வாய்மொழித் தேர்வு என்றால் சாப்பாடு மாணவி பொறுப்பு, பொன்னாடை மாணவி பொறுப்பு, கேள்விகூட மாணவி பொறுப்பு. சபையில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று விதி இருக்கிறது, யாரும் கேட்காவிட்டால் அசிங்கம், ஆகவே நானே கேள்விகளைச் சீட்டில் எழுதித் தோழிகளிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் நான் ஏற்பாடு செய்யலாம். ஒன்றே ஒன்றை முடியாது. கடைசியில் அறிக்கையில் நெறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். அது விழுந்தால் எனக்குப் பட்டம், பட்டம் வந்தால் ஜூனில் வேலை. விழாவிட்டால் இத்தனை வருடம் கௌரவ விரிவுரையாளர் என்ற கௌரவமான பெயரில் பாதிச் சம்பளம் வாங்கினதோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு முன்னால் மாதேசன் இருந்தான். மதுரைக் கருத்தரங்கில் அவன் கட்டுரை வாசித்தபோது எழுந்து நின்று கைதட்டிவிட்டார்கள், பாவிகள். திரும்பி வந்ததும் ஐயா ரொம்ப அன்பாகத் தோளில் கை போட்டு, "ஆழம் போதாதப்பா, மறுபடி எழுது" என்றார். எழுதினான். மறுபடி என்றார். மாதேசன் இப்போது இன்சூரன்ஸ் பார்க்கிறான், எனக்கே ஒரு பாலிசி போட்டுக் கொடுத்தான். போட்டுக் கொடுக்கும்போது ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தலைக்கு மேல் பேனர். மகுடவர்மன் நாடகத்தில் தன்மோகமும் மாட்சியும். மாட்சியாம். நான் வைத்தது வீழ்ச்சி. தன்மோகமும் வீழ்ச்சியும், உளப்பகுப்பாய்வு நோக்கு. "வீழ்ச்சி எதுக்கும்மா, மங்களகரமா வையி" என்று ஐயா ஒரே அடியில் மாற்றிவிட்டார். வீழ்ச்சி இல்லாமல் மகுடவர்மன் கதையில் வேறு என்ன இருக்கிறது? எழுதியவர் பெயர்கூடத் தெரியாத பழைய நாடகம், ஆனால் அந்த மனுஷனை எழுதியவர் சும்மா ஆள் இல்லை. பகைவன் படை ஆற்றைத் தாண்டிவிட்டது என்று மகன் ஓடி வந்து சொல்கிறான், ராஜா கோட்டை வாசலில் தன் சிலைக்கு மூக்குச் சரியில்லை என்று சிற்பியைக் கடிந்துகொண்டிருக்கிறான். வென்று வந்த தளபதி மேல் ஜனங்கள் பூப்போட்டுவிட்டார்கள் என்பதற்காக அவனை நாடு கடத்துகிறான். தளபதி போனான், படை போயிற்று, கடைசியில் தானே கிளம்புகிறான், அதுவும் கவசம் தன்னை மறைத்துவிடும் என்று கவசம் போடாமல், மகுடத்தை மட்டும் வைத்துக்கொண்டு. ஒரு சாதாரணக் காலாள் வழியை மறிக்கிறான். நான் யார் தெரியுமா என்று கேட்கிறான் ராஜா. தெரியாது என்கிறான் அந்தக் காலாள். முதல் தடவை படித்தபோது நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன், அந்த இடம் வந்ததும் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். இத்தனை பெரிய கர்வி மேல் எனக்கு ஏன் இரக்கம் வந்தது என்று புரியவில்லை. அதற்கு விடை தேடித்தான் இந்தப் பாடு எல்லாம் பட்டேன்.

விடை ஒரு தாலாட்டில் இருந்தது. நாடகத்தில் குழந்தை மகுடவர்மனுக்குச் செவிலி பாடுகிற பாட்டு. மாலை சுற்றிப் பிறந்தாய் கண்ணே, மாமன் உன்னை எண்ணெயில் பார்த்தான் என்று ஒரு வரி வரும். எல்லோரும் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள். தொப்புள்கொடி கழுத்தில் மாலையாகச் சுற்றிப் பிறந்த குழந்தையால் தாய்மாமனுக்கு ஆகாது, ஆகவே அவன் குழந்தையின் முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது, கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி அதில் விழும் முகத்தை முதலில் பார்க்க வேண்டும். நம் ஊரில் எந்த வீட்டிலும் கேட்டால் சொல்வார்கள். இந்தக் குழந்தைக்கு என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லையே என்று எனக்குத் தோன்றியது. ஒரு வீடே பயந்து நிற்கிறது. கண் எல்லாம் கிண்ணத்தின் மேல் இருக்கிறது, குழந்தையின் மேல் இல்லை. தாயின் முகத்தைப் பார்த்துத்தான் குழந்தை தன்னைத் தெரிந்துகொள்கிறது என்று உளவியல்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்த முகத்தில் பயம் மட்டும் இருந்தால்? மகுடவர்மன் தன்னை அளவுக்கு மீறி நேசித்தவன் அல்ல. தன் முகம் எப்படி இருக்கும் என்றே தெரியாதவன். அதனால் எதிரே வருகிற ஒவ்வொருவர் முகத்திலும் அதைத் தேடுகிறான், சிற்பியிடம் கேட்கிறான், ஜனங்களிடம் கேட்கிறான், கடைசியில் கொல்ல வந்தவனிடமும் கேட்கிறான். இதை எழுதிக்கொண்டுபோய் ஐயாவிடம் கொடுத்தபோது அவர் நாலாவது இயல் முழுக்கக் குறுக்கே கோடு போட்டார். "எண்ணெய், சீயக்காய் எல்லாம் ஆய்வாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் மட்டும் அழுத்தமாக நின்று அந்த இயலைக் காப்பாற்றினேன். அதற்கு ஈடாக ஐந்தாவது இயலை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ராஜா எதனால் செத்தான்? காலாளின் சொல்லால் செத்தான், அப்புறம் விழுந்த வெட்டு சும்மா உடம்புக்கு என்று நான் எழுதியிருந்தேன். "மாவீரனை ஒரு வார்த்தையில சாகடிக்கறதா? வாளால செத்தான்னு எழுது" என்றார் ஐயா. அவருக்கு ராஜாவை ரொம்பப் பிடிக்கும். வாளால் வீரமரணம் எய்தினான் என்று அச்சாகி, அட்டை போட்டு, தங்க எழுத்தில் பெயர் பொறித்து, இப்போது மேஜை மேல் இருக்கிறது.

இன்னும் பிறக்கவில்லை. பாட்டனாருக்கு ஏதோ பட்டயம் கொடுக்கிறார்கள். புறத்தேர்வாளர் முனைவர் ஞானசெல்வம் அம்மா தட்டிலிருந்து முந்திரி பிஸ்கட் ஒன்றை எடுத்து, சத்தம் வராமல் உடைத்து, பாதியை வாயில் போடுகிறார். நாகர்கோவில் பக்கம். கோபக்காரர் என்று சொன்னார்கள், சிரித்துக்கொண்டே பிடுங்குவார் என்றும் சொன்னார்கள். என்ன கேட்பார்? தன்மோகம் என்ற சொல்லுக்கு என்ன ஆதாரம் என்பார், சொல்லிவிடலாம். அயல்நாட்டுக் கோட்பாட்டைத் தமிழ் நாடகத்தில் ஒட்டலாமா என்பார், அதற்கும் மனப்பாடம் இருக்கிறது. ராஜா எதனால் செத்தான் என்று கேட்டுவிட்டால்? அச்சில் இருப்பது வாள், மனத்தில் இருப்பது சொல். கேட்கக் கூடாது, கேட்க வேண்டும், கேட்கக் கூடாது. மூன்றாவது வரிசையில் நாச்சிமுத்து மாமா தூங்குகிறார். அம்மா இல்லை, அம்மா இருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் தம்பி உட்கார வேண்டும் என்று நாமக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறை வைத்திருந்தவர், அந்த இரைச்சலிலேயே இருந்ததால் எங்கே அமைதியாக மின்விசிறி சுற்றுகிறதோ அங்கே அவருக்குக் கண் சொருகிவிடும். ஐயா மைக்கைத் தொட்டதும் தூங்கினார், இன்னும் எழவில்லை. புண்ணியவான். தலை பக்கத்து நாற்காலிக்காரர் தோளில் சாய்ந்திருக்கிறது. என் முகத்தை எண்ணெயில் பார்த்தவர் அவர்தான்.

ஆமாம், நானும் மாலை சுற்றிப் பிறந்தவள். ஆய்வேட்டில் அதை ஒரே ஓர் அடிக்குறிப்பில் வைத்தேன், அதுவும் ஐயாவிடம் நாலாவது இயலுக்காக மன்றாடிய அன்று வாய் தவறிச் சொல்லிவிட்டதால். அம்மா சொல்லுவாள், வெண்கலக் கிண்ணம், திரி போட்ட விளக்கு, நடுவில் அம்மாவின் பழைய புடவையைத் திரையாகப் பிடித்தார்கள், மாமாவுக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை, குனிந்து எண்ணெயைப் பார்த்தார், பார்த்துட்டேன் பார்த்துட்டேன் என்றார், உடனே என்னைத் தூக்கிக் கையில் கொடுத்தார்கள். அம்மாவுக்கு எப்போது பார்த்தாலும் வேலை, அப்பாவுக்குப் பெண்குழந்தை என்றதும் முகம் சுருங்கியது, ஆனால் ஒருத்தர் பயத்தோடாவது குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாரே என்று அந்தக் கதையை நான் எத்தனை முறை கேட்டு வாங்கியிருக்கிறேன். சொல்லும்மா, மாமா எப்படிப் பார்த்தார் சொல்லும்மா. இருபது வயதில்கூடக் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொல்லுவாள். அதை வைத்துத்தான் இந்த ஆய்வேடு முழுக்கக் கட்டியிருக்கிறேன் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது, அதற்குள் ஐயாவின் குரல் ஒரு படி இறங்கிக் கனிகிறது, அப்பாடா, பிறக்கப்போகிறார்.

"நான் பிறந்தபோது," என்கிறார், நிறுத்துகிறார், "மாலை சுற்றிப் பிறந்தேன்." எனக்குச் சுருக்கென்கிறது. "என் தாய்மாமன் வந்தார். நேராகப் பார்க்கக் கூடாது அல்லவா? வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றினார்கள். தாயின் பழம்புடவையைத் திரையாகப் பிடித்தார்கள். அந்த எண்ணெயில் விழுந்த என் முகம்தான் பின்னாளில் எனக்கு மகுடவர்மனைத் திறந்து காட்டியது. அந்த விதையைத்தான் இந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன்." அட பாவி மனுஷா. என் இயலை எடுத்தாய், போகட்டும், எல்லா நெறியாளரும் எடுக்கிறார்கள். என் தலைப்பை மாற்றினாய், போகட்டும். என் பிறப்பை எடுத்துக்கொண்டாயே, என் அம்மாவின் புடவையை எடுத்துக்கொண்டாயே, அது மஞ்சள் கரை போட்ட நூல் புடவை, அதில் கைவைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? எண்ணெய், சீயக்காய் என்று சிரித்த வாய்தானே இது. நான் என்னவோ அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கிறேன், அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, கண் கலங்கியிருக்கிறது. நம்புகிறார். சொல்லச் சொல்ல அது அவருக்கு நடந்ததாகவே ஆகிக்கொண்டிருக்கிறது. முன்வரிசையில் ஒருவர் உச்சுக்கொட்டுகிறார். இந்தக் கையெழுத்து மட்டும் இல்லாவிட்டால், இந்த ஜூன் மாதம் மட்டும் இல்லாவிட்டால், எழுந்து மேஜையைக் கவிழ்த்திருப்பேன். பொன்னாடைப் பொட்டலத்தின் ரப்பர் பாண்டை விரலில் சுற்றிச் சுற்றி விரல் சிவந்துவிட்டது.

ஞானசெல்வம் அம்மா மீதிப் பாதி பிஸ்கட்டைத் தட்டில் வைக்கிறார். "ஒரு சின்ன சந்தேகம் சார், மன்னிக்கணும். தாய்மாமான்னு சொன்னீங்க. அம்மா ஒரே மகள், கூடப் பிறந்தவங்க யாரும் கிடையாதுன்னு காலையிலயும் சொன்னீங்க, இப்பவும் சொன்னீங்களே?" சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார். ஐயாவின் வாய் திறந்தபடி நிற்கிறது. தோட்டத்தை விட்டுவிட்டால் மாமா வருவார், மாமாவை விட்டுவிட்டால் தோட்டம் வரும், எதையும் விட அவருக்கு மனசு வரவில்லை என்பது நெற்றியில் தெரிகிறது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்புகிறார். "நீ சொல்லும்மா சுகுணா" என்கிறார். நான் சொல்ல வேண்டுமாம். ஒன்றுவிட்ட மாமா என்று நான் எடுத்துக்கொடுக்க வேண்டும், அவர் பிடித்துக்கொள்வார், கையெழுத்து பத்திரமாக இருக்கும், பிரியாணி ஆறுவதற்குள் முனைவர் சுகுணா ஆகிவிடலாம். அந்தக் கண்ணில் இருப்பது மிரட்டல் இல்லை. சின்னக் குழந்தை திருவிழாவில் கையை விட்டுவிட்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. அவர் மனைவி, அலுவலக உதவியாளர், முன்வரிசை, நான், எல்லோருமாக இத்தனை வருடம் இவர் முகம் விழுகிற கிண்ணத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். கை வலிக்கிறது. எனக்கு நிஜமாகவே கை வலிக்கிறது.

"அது நான் பிறந்த கதைங்க அம்மா," என்கிறேன். என் குரல் எனக்கே எரிச்சலாக இருக்கிறது, மன்னிப்புக் கேட்கிற குரல். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன். "எண்ணெயில பார்த்த என் மாமா அங்க உட்கார்ந்திருக்கார்."

தோழி ஒருத்தி எட்டி மாமாவை உலுக்குகிறாள். மாமா திடுக்கிட்டு எழுந்து நின்று, தேசியகீதம் என்று நினைத்தாரோ என்னவோ, கையைத் தொடையோடு ஒட்டிக்கொள்கிறார். அதற்குள் ஐயா சமாளித்துவிட்டார், "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், மாணவியின் நிலையில் நின்று பேசினேன்" என்று மைக்கில் சிரிக்கிறார், முன்வரிசையும் அப்படியா என்று சிரிக்கிறது. இவர் விழவே மாட்டாரா? துயர நாயகன் என்றால் ஒரு தடவையாவது விழ வேண்டாமா? நாடகத்துக்குத்தான் அந்த மரியாதை எல்லாம், துறைக்குக் கிடையாது போலிருக்கிறது.

"வாங்க ஐயா," என்கிறார் ஞானசெல்வம் அம்மா மாமாவைப் பார்த்து. அவருக்கு உண்மையாகவே ஆர்வம் வந்துவிட்டது. "நீங்கதானா எண்ணெயில முகம் பார்த்தது? எப்படித் தெரிஞ்சது குழந்தை முகம்?"

மாமா என்னைப் பார்க்கிறார், சுற்றிப் பார்க்கிறார், பின்கழுத்தைச் சொறிகிறார். "அட போங்க. சின்ன வயசுங்க எனக்கு. பார்த்தா செத்துப்போவேன்னு பாட்டி வேற சொல்லிடுச்சு. பயத்துல கண்ண இறுக்கி மூடிக்கிட்டனுங்க. பார்த்துட்டேன் பார்த்துட்டேன்னு வாய்ல சொன்னேன், அவ்வளவுதான்." கூடம் முழுக்கச் சிரிக்கிறது. தோழிகள் சிரிக்கிறார்கள், ஞானசெல்வம் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கிறார், மாமாவும் எதற்கென்று தெரியாமல் சிரிக்கிறார். நானும் பல்லைக் காட்டுகிறேன். பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே அம்மா எத்தனை முறை சொன்னாள், நான் எத்தனை முறை கேட்டு வாங்கினேன், குனிந்த தலை, வெண்கலக் கிண்ணம், விளக்கு, எல்லாம் இருந்தது, கண் மட்டும் மூடியிருந்தது. மகுடவர்மனுக்காவது மாமன் பார்த்தான் என்று நாடகத்தில் ஒரு வரி இருக்கிறது. நாற்காலிப் பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். இத்தனை கோபமும் எதற்கு என்று இப்போது தெரிகிறது. என்னைப் பார்த்தார்களே என்ற ஒன்றைத்தானே ஐயா எடுத்துக்கொண்டார் என்று கொதித்தேன். அது என்னிடமும் இல்லை.

சிரிப்பு தன்னைச் சுற்றி நடக்காதது ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. மைக்கைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி முன்னால் வருகிறார், மாமாவைப் பார்த்துக் கையை விரிக்கிறார். கேட்காதீர்கள், ஐயா. வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது என்ன கேட்கப்போகிறார் என்று, எழுந்து வாயைப் பொத்தலாம் போல இருக்கிறது.

"பெரியவரே, நான் யார்னு தெரியுதுங்களா?"

மாமா மரியாதையாகத் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார். உற்றுப் பார்க்கிறார். பட்டறையில் உதிரிப் பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அத்தனை நேர்மையாகப் பார்க்கிறார். "தெரியலீங்களே," என்கிறார். "யாருங்க நீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. ஐயா விரித்த கை அப்படியே நிற்கிறது. முகத்தில் என்னென்னவோ வந்து போகிறது, பிறகு எதுவும் வரவில்லை. வழித்துப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. உதடு அசைகிறது, மைக்கில் வெறும் காற்று கேட்கிறது. இதைத்தான் ஐயா நான் எழுதியிருந்தேன், ஐந்தாவது இயலில், நீங்கள் வெட்டிய பக்கத்தில். இதற்காக எத்தனை நாள் காத்திருந்தேன், மாதேசன் இருந்தால் எப்படி இருக்கும் என்று எத்தனை முறை நினைத்திருக்கிறேன், இப்போது பார்த்தால் ஒரு வயசான மனுஷன் கூடத்தின் நடுவில் நிற்கிறான், அவ்வளவுதான். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. சே, அதைத்தானே எல்லோரும் செய்தார்கள். மூடாமல் பார்க்கிறேன். மீசையில் சாயம் விட்டுப்போன இடம் தெரிகிறது, இடது கண் கொஞ்சம் சின்னது, இத்தனை வருடத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை. எழுந்து நிற்கிறேன்.

"மாமா, இவர்தான் என் நெறியாளர். செங்கோட்டுவேலன் ஐயா. இவர்கிட்டதான் நான் இத்தனை வருஷம் படிச்சேன்."

"அப்படிங்களா!" மாமா கும்பிடுகிறார். "புள்ளைக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க, ரொம்ப சந்தோசமுங்க."

ஐயாவின் தோள் நிமிர்கிறது. தலை நிமிர்கிறது. ரத்தம் கன்னத்துக்குத் திரும்பி வருவதை நான் கண்ணால் பார்க்கிறேன். வேட்டியைச் சரி செய்கிறார், மைக்கை வாயருகே கொண்டுபோகிறார், கனைக்கிறார். "பெரியவர் சொன்னது முற்றிலும் உண்மை," என்கிறார். "என் பாட்டனாருக்கு ஆண் வாரிசு இல்லை..."

கடவுளே. மறுபடி தோட்டமா! இவருக்கு எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது, இனி நான் ஊற்றப்போவதும் இல்லை. ஞானசெல்வம் அம்மா என் ஆய்வேட்டைப் பிரித்து ஐந்தாவது இயலில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். "முதல் கேள்வியைக் கேட்டுடட்டுமா?" என்று மெல்லக் கேட்கிறார். "உங்க ராஜா எதனாலம்மா செத்தான்?" அறிக்கை மேஜை மேல் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. போடுவாரோ, மறுபடி எழுது என்பாரோ. மேஜையைச் சுற்றி நடந்து ஐயாவின் பக்கத்தில் போய் நிற்கிறேன். மைக்கைப் பிடித்திருக்கும் அவர் கையைத் தொடுகிறேன், வியர்த்திருக்கிறது. விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருக்கிறது. "நீங்க உட்காருங்க ஐயா. நான் சொல்றேன்."

உட்காருகிறார்.

"வாளால் என்று அச்சாகியிருக்கிறது, அம்மா," என்று தொடங்குகிறேன். "அது தப்பு."